டிக்கெட் போடுங்கள், ஆனால் அந்த டிக்கெட் வேண்டாம்

வாசகி ஒருவர் அனுப்பிய கடிதம் நான்கு பக்கம். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

எழுதியவர் வட கரோலினாவில் சார்லட் நகரில் இருக்கிறார். முதல் பிரசவம், டாக்டர் சொன்ன தேதி டிசம்பர் 14. ஊரிலிருந்து அம்மா அப்பா வர வேண்டும், இருவருக்கும் விசா கையில் இருக்கிறது. அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை உண்டு, முழங்கால் வலியால் அதிகம் நடக்க முடியாது, ஆங்கிலம் வராது. அப்பா ஓய்வு பெற்ற ஆசிரியர், ஓரளவு சமாளிப்பார். நவம்பர் 25 அன்று வருவதாகத் திட்டம். சென்னையிலிருந்து தோஹா வழியாக வாஷிங்டனின் டல்லஸ் (Dulles) விமான நிலையம் வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து சார்லட்டுக்குத் தனியாக இன்னொரு டிக்கெட் என்று பார்த்து வைத்திருக்கிறார். இப்படித் தனித்தனியாக வாங்கினால் ஆளுக்கு 210 டாலர் மிச்சமாம். ஊரில் தெரிந்த ஏஜென்ட் ஒருவர் இன்னும் குறைத்துத் தருவதாகச் சொல்கிறார்.

இதற்கிடையில்தான் அமெரிக்காவில் அரசு முடக்கம் (ஷட்டவுன்), அதாவது செலவுக்கான பணத்தைக் காங்கிரஸ் ஒதுக்காததால் அரசு வேலைகள் பல நின்றுபோன நிலை. கணவர் சொல்வது: "அரசாங்கமே மூடிக் கிடக்கிறது, இமிக்ரேஷனில் ஆள் இருக்க மாட்டார்கள், ஷட்டவுன் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்." மாமியார் சொல்வது: ஜனவரியில் வாஷிங்டனில் விமானம் மோதி 67 பேர் போனார்களே, அதே ஊரில் போய் இறங்க வேண்டுமா? நம் வாசகியின் கேள்வி மூன்று. இப்போது டிக்கெட் போடலாமா? ரத்தானால் பணம் வருமா? ஓர் இரவு மாட்டிக்கொண்டால் ஹோட்டல் செலவை யார் கொடுப்பார்கள்? பின்குறிப்பாக நான்காவது கேள்வி ஒன்றும் இருந்தது, அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

அன்புள்ள சகோதரிக்கு,

இதை எழுதும் இன்று 2025 நவம்பர் 10, முடக்கத்தின் 41ஆவது நாள். முடக்கத்தை முடிக்கும் மசோதாவை அடுத்த கட்டத்துக்கு நகர்த்த, நேற்று இரவு மேலவையான செனட்டில் 60க்கு 40 என்று ஒரு நடைமுறை வாக்கெடுப்பு நிறைவேறியிருக்கிறது, வீட்டில் எல்லோரும் டிவியைப் பார்த்து நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பீர்கள். நானும்தான். ஆனால் செனட்டில் இறுதி வாக்கெடுப்பு பாக்கி, அப்புறம் கீழவை, அப்புறம் அதிபரின் கையெழுத்து. அது இந்த வாரமே நடந்துவிடலாம். நடந்தாலும் மறுநாள் காலையே எல்லா விமானமும் நேரத்துக்குக் கிளம்பும் என்று கணக்குப் போடாதீர்கள். முடக்கத்தில் ஆள் குறைந்ததால் நிறுத்தி வைத்த விமானங்களைத் திரும்பச் சேர்க்க வேண்டும், விமானமும் பணியாளர்களும் ஓர் ஊரில் இருக்கப் பயணிகள் வேறு ஊரில் இருப்பார்கள், அது சரியாகச் சில நாட்களாவது ஆகும். நீங்கள் குறித்திருக்கும் 25ஆம் தேதியோ தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு, வருடத்திலேயே நெரிசல் மிகுந்த வாரம். முடக்கம் இல்லாத வருடத்திலேயே அந்த வாரம் ஒரு விமானம் ரத்தானால் அடுத்ததில் இரண்டு இருக்கை கிடைப்பது பெரும்பாடு.

அதனால் போடலாமா வேண்டாமா என்ற கேள்வியை நான் கொஞ்சம் திருப்பிப் போடுகிறேன். டிக்கெட் போடுங்கள், இந்த வாரமே போடுங்கள். ஆனால் நீங்கள் பார்த்து வைத்திருக்கும் அந்த இரண்டு துண்டு டிக்கெட்டைப் போடாதீர்கள்.

உங்கள் கணவருக்கும் மாமியாருக்கும்

முதலில் கணவர். அரசு முடக்கம் என்றால் எல்லா அலுவலகத்திலும் பூட்டுத் தொங்கும் என்பதில்லை. விமான நிலையக் குடியேற்ற, சுங்க அதிகாரிகள் அத்தியாவசியப் பணியில் இருப்பவர்கள், அவர்கள் கவுன்டரில்தான் இருக்கிறார்கள். விசா இருக்கிறது, பாஸ்போர்ட் இருக்கிறது, திரும்பிப் போகும் டிக்கெட் இருக்கிறது என்றால், முடக்கத்தைக் காரணம் காட்டி உங்கள் பெற்றோரை யாரும் திருப்பி அனுப்பப் போவதில்லை. கணவர் கேள்விப்பட்டதற்கு ஒரு வேர் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஹெச்-1பி என்ற வேலை விசா மனுவுக்கு முன் தொழிலாளர் துறையிடம் வாங்க வேண்டிய சான்று, முடக்கம் தொடங்கிய அக்டோபர் 1 முதல் நின்று போயிருந்தது, மாதக் கடைசியில்தான் அந்த வேலை மறுபடி ஆரம்பித்தது. நம் வாட்ஸப் குழுக்களில் அது "இமிக்ரேஷனே மூடிட்டாங்க" என்று மாறி ஊரைச் சுற்றியிருக்கும்.

அடுத்து மாமியார். அவர் பயத்தைச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. ஜனவரி 29 அன்று நடந்தது பெரிய துயரம். ஆனால் அது முடக்கத்துக்கு எட்டு மாதம் முந்தைய கதை. அது நடந்ததும் நகரத்துக்குள் இருக்கும் ரீகன் விமான நிலையத்தின் பக்கத்தில். உங்கள் பெற்றோர் இறங்குவதாக இருந்தது டல்லஸ், அது ஊருக்கு வெளியே தள்ளி இருக்கிறது.

இப்போது நடப்பது வேறு. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் சுமார் 13,000 பேரும் பாதுகாப்புச் சோதனை செய்யும் சுமார் 50,000 பேரும் சம்பளமில்லாமல் வேலைக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். கட்டுப்பாட்டாளர்கள் முடக்கத்துக்கு முன்பே தேவையைவிட 3,000 பேருக்கு மேல் குறைவு. பலர் வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்குப் பத்து மணி நேரம் பார்ப்பவர்கள். அக்டோபர் 28 அன்று வர வேண்டிய சம்பளம் அறவே வரவில்லை. வீட்டு வாடகை யாருக்காகவும் காத்திருக்காது, அதனால் சிலர் விடுப்பு எடுக்கிறார்கள், சிலர் ராத்திரி வேறு வேலைக்குப் போகிறார்கள். வேலைக்கு வந்தவர்கள் குறைவு என்றால், அவர்களால் கவனமாகப் பார்த்துக்கொள்ளக்கூடிய அளவுக்கு விமானங்களையும் குறைக்கிறார்கள். நவம்பர் 7 அன்று 40 பெரிய விமான நிலையங்களில் 4 சதவீதம் வெட்டினார்கள். நாளை அது 6 ஆகும், இப்படியே போனால் 14ஆம் தேதி 10. நேற்று மட்டும் 2,000க்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து. பார்க்கப் பயமாகத்தான் இருக்கும், ஆனால் ஆள் குறைந்ததால் வானத்தில் கூட்டத்தைக் குறைத்திருக்கிறார்கள் என்றுதான் அதற்கு அர்த்தம். மாமியாரிடம் இப்படிச் சொல்லுங்கள்: ஆபத்து விமானத்தில் ஏறுவதில் இல்லை, ஏற முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து கிடப்பதில்தான் சிக்கல்.

ஆள் குறைந்தால் விமானங்களை நிறுத்துவது புதிதும் அல்ல. இதற்கு முன் 2018 டிசம்பர் 22 தொடங்கி 35 நாள் முடங்கியதே, அதன் கடைசி நாளான 2019 ஜனவரி 25 காலையில் கட்டுப்பாட்டு மையங்களில் பத்துப் பேர் போல வேலைக்கு வரவில்லை. நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்துக்கு வரும் விமானங்களைக் கொஞ்ச நேரம் நிறுத்தினார்கள். கிழக்குக் கரை முழுவதும் தாமதம் பரவியது. அன்று மாலையே முடக்கமும் முடிவுக்கு வந்தது.

அந்த 210 டாலர்

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது இதுதான், நீங்களோ இதைச் சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள்.

வெட்டு விழுவது உள்நாட்டு விமானங்களில். கடல் கடந்து வரும் நீண்ட தூர விமானங்களில் நிறுவனங்கள் கை வைக்கவில்லை. உள்நாட்டிலும் முதலில் போவது சிறிய விமானம் பறக்கும் குறுந்தூர வழிகள்தான், ஏனென்றால் ஒரு சிறிய விமானத்தை நிறுத்தினால் எழுபது பேருக்குச் சிரமம், பெரியதை நிறுத்தினால் இருநூறு பேருக்கு. டல்லஸிலிருந்து சார்லட் போவது அந்த மாதிரி வழி. இரண்டு ஊர் விமான நிலையமும் வெட்டு விழுந்த அந்த 40இன் பட்டியலில் இருக்கின்றன. அதாவது உங்கள் பெற்றோரின் ஒரு நாளுக்கு மேலான பயணத்தில் ஆட்டம் காணக்கூடிய துண்டு கடைசி ஒன்றரை மணி நேரம் மட்டுமே, அதைத்தான் நீங்கள் தனி டிக்கெட்டாகப் பிரித்து வைத்திருக்கிறீர்கள்.

தனியாகப் பிரித்தால் என்ன ஆகும்? தோஹா விமானம் தாமதமாக வந்தாலோ குடியேற்ற வரிசை நீண்டாலோ இரண்டாவது விமானத்தைத் தவற விடுவார்கள். அந்த நிறுவனத்தின் கணக்கில் அவர்கள் வராமல் போன பயணிகள், அவ்வளவுதான், அடுத்ததில் ஏற்றிவிடும் கடமை அதற்கு இல்லை. இரண்டாவது விமானமே ரத்தானால் அந்தத் துண்டுக்கான பணம் வரும், முதல் நிறுவனமோ "டல்லஸ் வரைதானே எங்கள் பொறுப்பு, இறக்கிவிட்டோம்" என்று சொல்லும், சட்டப்படி அது சரி. ஒரே டிக்கெட்டாக இருந்தால் சார்லட் வரை கொண்டு சேர்ப்பது விற்றவர்கள் பாடு.

டல்லஸிலிருந்து சார்லட்டுக்குக் காரில் ஆறு, ஆறரை மணி நேரம். கணவர் ஓட்டிக்கொண்டு போய் அழைத்து வருவார் என்று நீங்கள் மாற்றுத் திட்டம் எழுதியிருக்கிறீர்கள். போக வர பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல், அவ்வளவு நேரம் எட்டு மாதம் தாண்டிய நீங்கள் தனியாக வீட்டில். எனக்கு இது பிடிக்கவில்லை. ரயிலும் ஓடுகிறது, ஆனால் ஸ்டேஷன் டல்லஸில் இல்லை, வாஷிங்டன் நகருக்குள் இருக்கிறது, மாலையில் கிளம்பும் வண்டி நள்ளிரவு தாண்டித்தான் சார்லட் வரும். அம்மாவின் முழங்காலுக்கு அது சரிப்படாது.

நீங்கள் யோசிக்காத ஒரு வழி இருக்கிறது. சென்னையிலிருந்து லண்டனுக்கு நேர் விமானம் உண்டு, லண்டனிலிருந்து சார்லட்டுக்கும் நேர் விமானம் உண்டு. இரண்டையும் ஒரே டிக்கெட்டாக வாங்கலாம். அமெரிக்காவுக்குள் விமானம் மாறவே வேண்டாம், பெட்டி சார்லட்டில் வந்து சேரும், குடியேற்றச் சோதனையும் உங்கள் ஊரிலேயே, வெளியே வந்தால் மருமகன் நிற்பார். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருப்பதால் லண்டனில் மாறிச் செல்லப் பொதுவாகத் தனி விசா தேவைப்படாது, ஆனாலும் பணம் கட்டும் முன் விமான நிறுவனத்திடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மியூனிக்கிலிருந்தும் சார்லட்டுக்கு நேர் விமானம் வருகிறது, ஆனால் அதற்கு ஐரோப்பாவுக்குள் இன்னொரு முறை மாற வேண்டியிருக்கும், அம்மாவுக்கு அந்த நடை வேண்டாம். லண்டன் வழி கூடுதல் விலைதான். ஒரு ராத்திரி விமான நிலைய ஹோட்டலும் டாக்சியும் சாப்பாடும் சேர்ந்தால் நீங்கள் மிச்சம் பிடித்தது காணாமல் போய்விடும்.

தேதியையும் மாற்றுங்கள். 25 வேண்டாம், 19ஆம் தேதி புதன்கிழமையைப் பாருங்கள். தேங்க்ஸ்கிவிங் கூட்டம் அப்போது ஆரம்பித்திருக்காது. முதல் குழந்தை டாக்டர் சொன்ன தேதிக்குத்தான் வரும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறதா என்ன, ஒரு வாரம் முன்னால் அம்மா பக்கத்தில் இருப்பது நல்லதுதான். "முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று கணவர் சொல்வதில் உள்ள அபாயமும் இதுதான். முடக்கம் முடிந்த செய்தி வந்த அன்று உங்களைப் போலக் காத்திருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் டிக்கெட் தேடுவார்கள்.

ரத்தானால் பணம்

"நான்-ரீஃபண்டபிள் டிக்கெட், போனால் போனதுதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது நீங்களாக ரத்து செய்தால். நிறுவனம் ரத்து செய்து, அவர்கள் தரும் மாற்று உங்களுக்கு வேண்டாம் என்றால், எந்த வகை டிக்கெட்டாக இருந்தாலும் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அமெரிக்காவுக்கு வரும், போகும், உள்ளே பறக்கும் எல்லா நிறுவனத்துக்கும் இது பொருந்தும், வெளிநாட்டு நிறுவனமும் விதிவிலக்கல்ல. ரத்தாக வேண்டும் என்றுகூட இல்லை. உள்நாட்டுப் பயணத்தில் 3 மணி நேரம், சர்வதேசப் பயணத்தில் 6 மணி நேரம் அல்லது அதற்கு மேல் தள்ளிப்போனாலும் நீங்கள் மறுத்துவிட்டுப் பணம் கேட்கலாம். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் 7 வேலை நாளில், மற்ற வகையில் கட்டியிருந்தால் 20 நாளில் வர வேண்டும்.

இங்கேதான் ஆட்கள் சறுக்குகிறார்கள். விமானம் ரத்தாகும் போலத் தெரிகிறதே என்று பதறி முதல் நாளே தாங்களாக ரத்து செய்துவிடுகிறார்கள், உரிமை கையை விட்டுப் போய்விடுகிறது. நிறுவனமே முதலில் சொல்லட்டும், நீங்கள் காத்திருங்கள். இப்போதைய நெருக்கடியில் சில நிறுவனங்கள் தாங்களாகவே இறங்கி வந்திருக்கின்றன. உதாரணத்துக்கு யுனைடெட் விமான நிறுவனம், இந்த வெட்டு நாட்களில் பறக்க விரும்பாதவர்களுக்கு விமானம் ரத்தாகாவிட்டாலும் பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறது. அப்படி அறிவிப்பு இருந்தால் பயன்படுத்திக்கொள்ளலாம். அடுத்த சறுக்கல், மின்னஞ்சலில் "வவுச்சர் ஏற்கிறேன்" என்ற பொத்தானை அவசரத்தில் அமுக்குவது. அமுக்கிவிட்டால் பணத்துக்குப் பதில் வவுச்சர்தான்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு, ஹோட்டல், சாப்பாட்டுச் செலவுக்கு, பதில் உங்களுக்குப் பிடிக்காது. முடக்கத்தால் வரும் ரத்துக்கு அந்தச் செலவை நிறுவனம் தர வேண்டும் என்று அமெரிக்கச் சட்டத்தில் இல்லை. தங்கள் தவறால் நேர்ந்ததற்குத் தருவதாகப் பெரிய நிறுவனங்கள் வாக்குக் கொடுத்திருக்கின்றன, அரசு உத்தரவால் வந்த வெட்டு அதில் சேராது. சில கிரெடிட் கார்டுகளில் தாமதச் செலவுக்குக் காப்பு இருக்கும், ஆனால் அது கார்டுக்காரருக்கு மட்டுமா, பெற்றோருக்கும் உண்டா என்று விதிகளைப் படித்துப் பாருங்கள்.

ஏஜென்ட் விஷயம். நல்லவராக இருக்கலாம், உங்கள் அப்பாவின் மாணவராகக்கூட இருக்கலாம். ஆனால் பணத்தை வாங்கியவரே திருப்பித் தர வேண்டும் என்பது விதி, அவர் ஊரில் இருப்பார், நீங்கள் சார்லட்டில் இருப்பீர்கள். வக்கீலான என்னிடம் வந்த கட்சிக்காரர் ஒருவர், ஏஜென்ட் விமான நிறுவனத்தைக் கைகாட்ட, நிறுவனம் ஏஜென்டைக் கைகாட்ட, ஏழு மாதம் அலைந்தார். நேராக நிறுவனத்தின் தளத்திலேயே, உங்கள் கிரெடிட் கார்டில் வாங்குங்கள். கூடவே ஒரு வசதி: புறப்பட 7 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது நிறுவனத்திடம் நேரடியாக வாங்கினால் 24 மணி நேரத்துக்குள் அபராதம் இல்லாமல் ரத்து செய்யலாம் (சிலர் இதற்குப் பதில் விலையை ஒரு நாள் பிடித்து வைக்கும் வசதி மட்டும் தருவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்). 19ஆம் தேதிக்கு இன்று வாங்கினாலும் நாளை வாங்கினாலும் இந்த வசதி உண்டு, கணவருடன் ஓர் இரவு சண்டை போட்டு முடிவெடுக்க அது போதும்.

இன்ஷூரன்ஸ் பற்றி இரண்டு வரி

முடக்கம் தொடங்கிய பிறகு வாங்கும் பயணக் காப்பீடு முடக்கத்துக்குப் பணம் தராது என்றே வைத்துக்கொள்ளுங்கள், தெரிந்த ஆபத்தை அவர்கள் ஏற்பதில்லை. அந்தக் காசில் பெற்றோருக்கு நல்ல மருத்துவக் காப்பீடு எடுங்கள், அம்மாவின் சர்க்கரை போல ஏற்கெனவே உள்ள நோய் திடீரென்று முற்றினால் என்ன தருவார்கள் என்ற பகுதியை இரண்டு முறை படித்துவிட்டு.

டிக்கெட் போட்ட பிறகு

இருவருக்கும் சக்கர நாற்காலி கேளுங்கள், அது இலவசம், உரிமையும்கூட. அப்பாவுக்கு எதற்கு என்பீர்கள், இரண்டு பேரையும் பிரிக்காமல் கூட்டிப் போவார்கள் என்பதற்காக. மாத்திரைகள் கைப்பையில், குறைந்தது ஒரு வாரத்துக்கு, சீட்டுடன். உங்கள் முகவரியும் இரண்டு தொலைபேசி எண்களும் ஒரு தாளில் பெரிய எழுத்தில். தொலைபேசியில் சார்ஜ் தீர்ந்துபோகும், தாளில் தீராது. எதற்கு வந்தீர்கள் என்று சார்லட்டில் அதிகாரி கேட்டால் உண்மையைச் சொன்னால் போதும்: மகளுக்குப் பிரசவம், பேரக்குழந்தையைப் பார்க்க வந்திருக்கிறோம், இந்தத் தேதியில் திரும்புகிறோம். குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலைக்கு என்று அப்பா ஆங்கிலத்தில் அலங்காரமாக எதையும் சொல்லிவைக்க வேண்டாம், "வேலை" என்ற சொல் அங்கே வேறு அர்த்தம் கொள்ளும்.

இனி உங்கள் பின்குறிப்பு. அம்மா பிரசவ லேகியம் கிளறி வைத்திருக்கிறார், முடக்கத்தால் சுங்கத்தில் சோதனை இருக்காதுதானே, கொண்டுவரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சோதனை இருக்கும். லேகியத்தை மூடி இறுக்கிய பாட்டிலில், மேலே என்னவென்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டி, பெரிய பெட்டிக்குள் வைக்கட்டும். கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் அது பாகு போன்ற பொருளாகக் கணக்காகும், 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள். உணவுப் பொருள் இருக்கிறது என்று கேட்கும்போது ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும், சொன்னால் அதிகபட்சம் எடுத்து வைத்துக்கொள்வார்கள், மறைத்தால் அபராதம். கறிவேப்பிலையை மட்டும் ஊரிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள், அதற்கு இங்கே அனுமதி கிடையாது.